வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

சுண்ணாம்பில் நீலம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. போனால் போகட்டும், இனி யார் உட்கார்ந்து இதைச் சரிபண்ணுவது என்று அமலோற்பவம் வெள்ளையடிக்கிற மட்டையை வாளிக்குள் இன்னொரு தரம் முக்கி, சுவரின் அடிப்பக்கம் ஓதம் ஏறியிருந்த இடத்தில் இழுத்தாள். இழுத்த இடம் ஈரத்தில் கறுத்தது. காய்ந்தால்தான் வெளுக்கும். காய வேண்டுமே. கொடைக்கானலில் எதுதான் சொன்ன நேரத்துக்குக் காய்ந்திருக்கிறது, துவைத்துப் போட்ட பாவாடை மூன்று நாளாகக் கொடியில் தொங்குகிறது, வண்டி வருவதற்குள் அதை வேறு எடுத்து எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும், வாடகை கொடுத்துத் தங்க வருகிறவர்களுக்கு வீட்டுக்காரியின் பாவாடை எதற்குத் தெரிய வேண்டும். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ரெண்டு மணிக்கு வந்துவிடுவோம் என்று மெட்ராஸ்காரப் பெண் நேற்றே சொல்லிவிட்டாள், இவளும் வாங்க வாங்க என்று பல்லைக் காட்டிவிட்டாள். மூன்று மணி நேரம். அதற்குள் இந்தச் சுவர், பழைய சேலையை வெட்டித் தைத்த திரை, குளியலறையில் பெயர்ந்த சிமெண்டுத் தரையை மூடுவதற்குப் பச்சைப் பிளாஸ்டிக் பாய், பிளம்ஸ் பெட்டியைக் கவிழ்த்து மேலே துணி விரித்த மேஜை, அப்புறம் அது. ஜன்னலில் கிடந்த மஞ்சள் பையை அவள் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் அது அங்கேதான் இருந்தது. பைக்குள் ஒரு தாழ்ப்பாள், அதற்கு உண்டான திருகாணிகள். மூஞ்சிக்கல் இரும்புக் கடையில் உள்பக்கத்துக்கா வெளிப்பக்கத்துக்கா என்று கடைக்காரர் கேட்டார். ரெண்டும் ஒண்ணுதானே என்றாள். ஒண்ணு இல்லம்மா, வெளிப்பக்கம்னா பூட்டு மாட்டுற மாதிரி வளையம் வச்சது தர்றேன் என்றார் அவர், ரொம்ப அக்கறையாக. பூட்டெல்லாம் வேண்டாம் என்று இவள் சொன்ன சத்தத்தில் பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். சவத்தை, ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போன இடத்தில் களவாணி மாதிரி முழிக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லாம் மகன் ஜெரால்டு போட்ட பட்டியல். அவனுக்கென்ன, கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு போனில் பட்டியல் போடுவான். கையில் இருக்கிறதை வைத்தே வீட்டை நல்லா ஆக்கிரலாம்மா, பெருசா செலவே ஆகாது, கண்ணுக்கு லட்சணமா இருந்தா போதும், போட்டோவுல நல்லா விழணும், அவ்வளவுதான். வாசலில் சீரியல் பல்பு தொங்கவிடு, கம்பளிகளுக்கு வெள்ளை உறை தை, பாட்டிலில் காட்டுப்பூ வை. வீட்டுக்கு மிஸ்டி நெஸ்ட் என்று பேரும் அவன்தான் வைத்தான். நாயுடுபுரத்தில் வந்து மிஸ்டி நெஸ்ட் எங்கே என்று கேட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது, சவரி வீடு எது என்று கேட்டால் குழந்தை காட்டும். சவரிமுத்து கட்டிய வீடு. அவளுடைய அண்ணன். அப்பா விட்டுப்போன ஒற்றை அறைத் தகரக் கொட்டகையை, லாட்ஜில் தண்ணீர் சுமந்தே இத்தனை அறையாக ஆக்கியவர். அதை அவன் பட்டியலில் எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய இன்னொன்றையும் எழுதவில்லை, வாயால்தான் சொன்னான். இன்னொரு தடவை அந்த மாதிரி எவனாவது எழுதினான்னா ரூம் புக்கிங் கம்பெனிக்காரங்களே நம்ம வீட்டை லிஸ்டுல இருந்து தூக்கிருவாங்க, அப்புறம் வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான், நீ என்கூட வந்துரு. மாமா எங்க போகும்டா என்று இவள் கேட்டாள். அதுக்குத்தான் முதியோர் இல்லமெல்லாம் இருக்கேம்மா என்றான். இல்லத்தை அவளுக்குத் தெரியும். மலை இறங்கிப் போனால் கீழ்நாட்டில் சிஸ்டர்கள் நடத்துவது, ஒரு தவக்காலத்தில் பங்குப் பெண்களோடு போய் சோறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, பினாயில் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். இவர்கள் உள்ளே நுழைந்ததும் கட்டில் கட்டிலாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் இயேசுவுக்குப் புகழ் என்றார்கள். அந்தக் குரல்தான் தாங்க முடியவில்லை. வெயில் வேறு. அண்ணனுக்கு வெயில் ஆகாது, வத்தலக்குண்டு இறங்கினாலே மயக்கம் வந்துவிடும். வெயில் ஒரு பெரிய காரணமா என்று கேட்டால், ஆமாம், அவளுக்கு அது பெரிய காரணம்.

அண்ணனாவது சும்மா இருந்திருக்கலாம். அறுபத்தாறு வயசில் யார் வெந்நீர் கொண்டுவரச் சொன்னது. பன்னிரண்டு வயதில் ஏரிக்கரை லாட்ஜுக்குப் போனவர், ஐம்பது வருசம் ஒரே வேலை. விடியக்காலம் நாலு மணிக்குத் தைலமரக் கட்டையை அடுப்பில் திணித்து, பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, அஞ்சு மணியில் இருந்து ஆறு மணி வரைக்கும் ரெண்டு கையிலும் ரெண்டு வாளி, மாடிப்படி ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, வெந்நீர் வந்திருக்கு சார். கதவு திறக்கிற வரைக்கும் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆறிவிடும், ஆறிவிட்டால் மேனேஜரிடம் வசவு. அதெல்லாம் முடிந்துபோன கதை. லாட்ஜில் கீஸர் வந்து, இவர் வீட்டுக்கு வந்து, ஒருநாள் கிணற்றடியில் விழுந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து எழுந்ததில் இருந்து ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது. பகலில் ஒரு குறையும் கிடையாது. பேப்பர் படிப்பார், கரண்டு ஒயர் வேலை பார்ப்பார், ரசத்தில் உப்பு குறைந்தால் சொல்வார். விடியக்காலம் மட்டும் வேறு ஆள். வீட்டில் வெளியாட்கள் தங்கியிருக்கிறார்கள் என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறதோ, யாரும் இல்லாத நாட்களில் குறட்டை விட்டுத் தூங்குகிறவர், ஆள் வந்துவிட்டால் நாலு மணிக்கு டாண் என்று எழுந்துவிடுவார். கட்டை, அண்டா, வாளி, கதவைத் தட்டு. முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு குடும்பம் நூறு ரூபாய்கூடக் கொடுத்தது, அதை இவளிடம் கொண்டுவந்து நீட்டியபோது அண்ணன் முகத்தில் இருந்த வெளிச்சம். போன மாசம் வந்தவர்கள் கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆன பிள்ளைகள். அந்த அறைக் கதவின் கொக்கி தளர்ந்திருந்தது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று இவளே நாள் கடத்தியது. தட்டியிருக்கிறார், திறக்கவில்லை, ஆறிவிடுமே என்று தள்ளியிருக்கிறார். அந்தப் பெண் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. வாளி கவிழ்ந்து ஆவி பறக்க நடுவில் நின்றுகொண்டு அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார், வெந்நீர் சார், வெந்நீர்தான் சார். அந்தப் பையன் கை ஓங்கிவிட்டான். இவள் ஓடிப்போய் நடுவில் விழுந்தாள். அவர்கள் எழுதியதை ஜெரால்டு படித்துக் காட்டினான். வீடு சுத்தம், காட்சி பிரமாதம், ஆனால் விடியற்காலையில் ஒரு கிழவர் எங்கள் படுக்கையறைக்குள் நின்றுகொண்டிருந்தார். பொய்யென்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை அதில். அதுதான் வயிற்றெரிச்சல்.

செய்யாத வைத்தியமா. வாளியை ஒளித்தால் சோற்றுப்பானையில் கொண்டுபோனார். தீப்பெட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தால் அடுப்புக் கங்கை ஊதிப் பற்றவைத்தார். இவளே நாலு மணிக்கு எழுந்து வாசல்படியில் உட்கார்ந்து காவல் இருந்து பார்த்தாள், மூணாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள், தாண்டிப் போய்விட்டார். பகலெல்லாம் பெருக்கி, துவைத்து, சமைத்து, ராத்திரியும் காவல் என்றால் இந்த உடம்பு என்ன இரும்பா. ஜெரால்டு பழைய கீஸர் ஒன்று வாங்கி அனுப்பினான், அதையும் அண்ணன்தான் மாட்டினார், மாட்டிவிட்டு, குழாயில் வெந்நீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இது எப்படிப் போய்க் கதவைத் தட்டும் என்று கேட்டார். பகலில் சொன்னால் புரிகிறது. இனிமே போகலை பாப்பா, சத்தியமா போகலை என்கிறார். அந்த நேரம் வந்தால் சத்தியம் எங்கேயோ போய்விடுகிறது. மட்டை கையில் கனத்தது. தோள்பட்டையில் இருந்து விரல்நுனி வரைக்கும் ஒரு கடுப்பு. கட்டில் தலைமாட்டை இழுத்து ஈரச் சுவரை மறைத்துவிடலாம், யார் கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். மறைக்க மறைக்க வீடு நன்றாகத்தான் ஆகிக்கொண்டு வந்தது. மெட்ராஸ்காரி போனில் அதையும் கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள், அந்தப் பெரியவர் இன்னும் அங்க இருக்காராங்க, கூட என் பொண்ணுங்க வர்றாங்க, அதான். இல்லீங்க என்றாள் அமலோற்பவம். எங்க போயிட்டார்? ஊருக்குப் போயிட்டாருங்க. எந்த ஊருக்கு. அவளுக்கும் அண்ணனுக்கும் இந்த மலையைத் தவிர வேறு எந்த ஊர் இருக்கிறது. சொல்லி முடித்துப் போனை வைத்தபிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. கொப்பளித்தாள்கூட.

அண்ணன் அறைக்குத் தாழ் ராத்திரிக்கு மட்டும்தானே. பத்து மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு எடுத்துவிட்டால் ஆயிற்று. பகலில் பின்பக்கமே இருந்துகொள்வார், வந்தவர்கள் அங்கே எட்டிப் பார்க்கப் போவதில்லை. உள்ளே ஒரு மூடி போட்ட வாளி வைத்துவிட்டால் வெளியே போக வேண்டிய அவசியமும் வராது. தண்ணீர்ச் செம்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட். அம்மாகூட பேரிக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டுத்தான் போவாள், நாலு வயசுப் பிள்ளை கிணற்றுப் பக்கம் போய்விடும் என்று. பாசம் இல்லாமலா போட்டாள். பத்து மணிக்கு அண்ணன் லாட்ஜில் இருந்து மிச்சமான ரொட்டியோடு வந்து திறந்துவிடும் வரைக்கும் இவள் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பாள். அழமாட்டாள், வந்துவிடுவான் என்று தெரியும். அது வேறு, இது வேறு என்று மனசு சொல்லியது, என்ன வேறு, எல்லாம் ஒன்றுதான் என்றும் அதே மனசு சொல்லியது. திடீரென்று கரண்டு கம்பியில் பொறி கிளம்பித் தீப்பிடித்தால்? சே, எதற்குத் தீப்பிடிக்கப் போகிறது. மூச்சு முட்டினால்? ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. விடியக்காலம் எழுந்து, கதவு திறக்கவில்லை என்றதும் என்ன நினைப்பார், லாட்ஜில் யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நினைப்பாரா, மேனேஜர் திட்டுவார் என்று பயப்படுவாரா, கதவை இடிப்பாரா, இடித்தால் வந்தவர்களுக்குக் கேட்குமே. எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நின்றது, வந்தவர்களுக்குக் கேட்குமா. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இல்லத்துக்கு அனுப்புவதற்கு இது தேவலைதானே என்று பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லி வைத்தாற்போல் தலை கிறுகிறுத்தது. காலையில் ஒரு வாய் பாலில்லாத கட்டங்காப்பி குடித்ததோடு சரி.

ஒரு மணிக்கு அண்ணன் பச்சைப் பாயை விரித்து, ஓரம் எழும்பாமல் கல் வைத்து அழுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஈரத்தை நல்லா துடைச்சுட்டுத்தான் விரிச்சேன், வழுக்காது, பிள்ளைங்க வர்றாங்கன்னு சொன்னேல்ல என்றார். இவள் ரசத்தை ஊற்றினாள். சுவர் நீலம் கூடிப்போச்சே பாப்பா என்றார். காஞ்சா சரியாயிரும் என்றாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவரே மஞ்சள் பையை எடுத்து வந்து, தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல கனம், எந்தக் கதவுக்கு என்று கேட்டார். வந்தவர்கள் தங்குகிற முன் அறைக் கொக்கியை அவர் நேற்றே மாற்றிவிட்டார், அதனால் அந்தப் பொய்க்கும் வழியில்லை. உன் ரூமுக்குத்தாண்ணே, காத்துல கதவு அடிச்சுக்கிட்டே இருக்குல்ல என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே. வீட்டின் பின்கோடியில் விறகுக் கொட்டகையை ஒட்டிய அறை அவருடையது, அங்கே காற்று எட்டிப் பார்த்தது கிடையாது. அண்ணன் தாழ்ப்பாளில் இருந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு திருப்புளியைத் தேடிக்கொண்டு போனார்.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொடியில் கிடந்த பாவாடையை அள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனபோது அவர் கதவை ஒருக்களித்து வைத்து, வெளிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அவள் எங்கே போட வேண்டுமென்று சொல்லவே இல்லை. கோடு நல்ல உயரத்தில், அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவளைப் பார்த்ததும், கையைத் தூக்கிக் காட்டு பாப்பா என்றார். இவள் முழித்தாள். காட்டு சும்மா. பாவாடையை இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள், கை வழக்கமாக எந்த உயரத்துக்குப் போகுமோ அந்த உயரத்துக்கு. அவர் கோட்டை அழித்துவிட்டு ஒரு சாண் கீழே புதிதாகப் போட்டார்.

"நீதான போடணும். எட்டி எட்டிப் போட்டா ஏற்கெனவே வலிக்கிற தோளு இன்னும் வலிக்கும்" என்றார்.

இல்லண்ணே, காத்துக்குத்தான் என்று அவள் ஆரம்பித்தாள். அவர் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக முறுக்கினார். கை நடுக்கம் இல்லை. எவ்வளவு அழகாக வேலை செய்கிறார், பகலில் பார்த்தால் யாராவது நம்புவார்களா, மெட்ராஸ்காரி இந்த நேரத்தில் வந்து இவரைப் பார்த்துவிட்டால் போதும், அந்தப் பெரியவரா இவர் என்று சிரித்துவிடுவாள், ஐயோ வந்துவிடப் போகிறாள், மணி ஒன்றே முக்கால். விடியக்காலம் எனக்கு நிதானம் இருக்கிறதில்ல என்றார் அண்ணன், கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டே, யாரோ மூன்றாவது மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல். சொன்னா கேக்கிற மாதிரி இருந்தா நீ இப்படிச் செய்வியா. அழுதுவிடலாம் என்றிருந்தது அவளுக்கு, ஆனால் அழுதால் முகம் வீங்கும், வீங்கின முகத்தோடு வாசலில் போய் நிற்க முடியாது. அண்ணன் தாழ்ப்பாளை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தமே இல்லாமல் ஓடியது.

"நான் உள்ள போறேன். நீ போட்டுட்டுப் போ. நான் கூப்பிடுறேன், கேக்குதான்னு பாத்துட்டு வா. ராத்திரி நெஞ்சு கிஞ்சு வலிச்சா கூப்பிடணும்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் தாழைத் தள்ளினாள். கை அளவெடுத்து வைத்த உயரத்தில் தானாகப் போய் நின்றது. பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அடுப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளை உறை போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தாள். ரோட்டில் ஒரு ஜீப் ஏறிப்போகிற சத்தம். அது போய்விட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள், கட்டிலில் தலை வைக்கிற இடத்துக்குக் குனிந்தும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அப்பாடா. ஒரு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினாற்போல் இருந்தது. வீடு நம்மை விட்டுப் போகாது, அண்ணன் எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருக்கலாம். கால் வலியெல்லாம் மறந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கதவில் வாயை வைத்து, "கேக்கலண்ணே, சுத்தமா கேக்கல" என்றாள். தன் குரலில் இருந்த சந்தோஷம் அவள் காதிலேயே விழுந்தது.

அவளுடைய பாய் அடுப்படியில் கிடக்கிறது. ராத்திரி அவள் படுப்பது அங்கேதான். அண்ணன் கூப்பிடுவது அங்கே கேட்கிறதா என்று அவள் நின்று பார்க்கவே இல்லை.

"அப்படியா" என்றார் அண்ணன். கட்டில் முனகியது, உட்கார்ந்திருப்பார். "அப்ப சரி பாப்பா. வண்டி வர்ற நேரமாச்சு, நீ போ."